முதல் வேலைக்குப் புறப்படும் பிள்ளைக்கு: வீட்டாருக்குச் சில பயனுள்ள குறிப்புகள்

கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயில், லால்பேட்டை, குமராட்சிப் பக்கத்து வீடுகளில் கல்லூரி முடிந்த கையோடு ஒரு பெட்டி தயாராகும். பட்டம் வாங்கிய பிள்ளை சென்னைக்கோ ஓசூருக்கோ கோவைக்கோ முதல் வேலைக்குக் கிளம்பும். அந்த வீட்டில் அதற்கு முன் மாதச் சம்பளத்துக்கு அலுவலகம் போனவர் பல சமயம் யாரும் இருக்க மாட்டார்கள். அப்பாவுக்குக் குறுவையும் சம்பாவும் தெரியும், வீராணம் ஏரியில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று தெரியும். மேலதிகாரியிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது.

2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரியிலேயே திறன் பயிற்சி தருகிறது. நேர்முகத் தேர்வு வரை கைபிடித்து நடத்த இன்று ஆள் உண்டு. வேலையில் சேர்ந்த மறுநாளிலிருந்துதான் பிள்ளை தனியாக நிற்கிறது. பெரிய நிறுவனம் என்றால் பயிற்சியாளர் இருப்பார். இருபது பேர் வேலை பார்க்கும் இடத்தில் அதெல்லாம் கிடையாது.

அந்தப் பயிற்சியாளரின் இடத்தை வீடு நிரப்பலாம். அதற்கு ஆங்கிலமோ கணினியோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாததை உரிய நேரத்தில் கேட்பது, நடந்ததை உரிய நேரத்தில் சொல்வது. முதல் ஆண்டில் பிள்ளைக்கு வர வேண்டிய பழக்கம் இந்த இரண்டும்தான் என்பது என் உறுதியான எண்ணம். கீழே உள்ள குறிப்புகளில் பெரும்பாலானவை இதைச் சுற்றியே வரும்.

1. அசல் சான்றிதழ்கள் வீட்டு பீரோவில் இருக்கட்டும். சரிபார்க்கக் காட்டலாம், காட்டிய கையோடு திரும்ப வாங்கிவிட வேண்டும். “இரண்டு வருஷம் எங்களிடம் இருக்கட்டும்” என்று கேட்கும் இடத்தில், கையெழுத்துப் போடும் முன் விவரம் தெரிந்த ஒருவரிடம் அந்த ஒப்பந்தத்தைப் படிக்கக் கொடுங்கள். நகல்கள் நான்கு செட், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ பத்து, ஆதார், பான் அட்டை, வங்கிப் புத்தக நகல் ஆகியவற்றை ஒரே ஃபைலில் போட்டு அனுப்புங்கள். டிஜிலாக்கர் கணக்கை ஊரில் இருக்கும்போதே தொடங்கிவிட்டால், அங்கே போய் நகல் தேடி அலைய வேண்டாம்.

2. “வருஷத்துக்கு மூணு லட்சம்” என்றால் மாதம் 25,000 கையில் வரும் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். சி.டி.சி. என்பது நிறுவனம் அந்த ஆளுக்காகச் செய்யும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் 12,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 12 சதவீதம், அதாவது 1,500 ரூபாய், பிள்ளையின் பங்காக வருங்கால வைப்பு நிதிக்குப் போகும். நிறுவனத்தின் பங்கும் 1,500. அதையும் பல இடங்களில் அந்த மூன்று லட்சத்துக்குள்ளேயே சேர்த்திருப்பார்கள். பணிக்கொடைக்கென்று ஒரு தொகை ஒதுக்குவார்கள். உள்ளாட்சிக்குப் போகும் தொழில் வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிடிபடும். கடைசியில் கைக்கு வருவது 21,000-ஐ ஒட்டி நிற்கலாம். இது தெரியாமல்தான் முதல் சம்பளத்தன்று பல வீடுகளில் “மீதி எங்கேடா?” என்ற கேள்வி எழுகிறது. பிள்ளையின் மீது சந்தேகம் விழுவதைவிட, சேரும் முன்பே சம்பளப் பிரிப்புத் தாளை வாங்கிக் கூடத்தில் உட்கார்ந்து எல்லோரும் சேர்ந்து படிப்பது நல்லது.

3. புதுச் சட்டையை ஒருமுறை அலசி, இஸ்திரி போட்டுக் கொடுத்தனுப்புங்கள். புதுக் கஞ்சி கழுத்தில் உறுத்தும், வேர்வையில் சாயமும் இறங்கும். ஐந்து சட்டையும் இரண்டு பேண்ட்டும் ஒரு வாரத்தை ஓட்டிவிடும். பெண் பிள்ளைக்கு எதனோடும் பொருந்துகிற நிறத்தில் இரண்டு லெக்கின்ஸ் வைத்தால் காலையில் தேடும் நேரம் மிச்சம். மழையில் நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வைத்தால் காலைக்குள் ஈரம் இழுத்துக்கொள்ளும்.

4. சொன்ன வேலையைத் திரும்பச் சொல்லிக் காட்டும் பழக்கம். இதற்குக் காட்டுமன்னார்கோயிலைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. நாலாயிர திவ்யப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் பிறந்தது இங்கேதான். அவர் தம் மருமக்கள் இருவருக்குப் பாசுரங்களை இசையோடு கற்பித்தார் என்பது வைணவ மரபு. இன்றைக்கும் பிரபந்தம் கற்பவர்கள் சந்தை சொல்லித்தான் கற்கிறார்கள். ஆசிரியர் சொல்வார், மாணவர் அதைத் திரும்பச் சொல்வார், பிழை இருந்தால் அங்கேயே திருத்தப்படும். அலுவலகத்திலும் அப்படியே செய்யச் சொல்லுங்கள். மேலாளர் ஒரு வேலை கொடுத்ததும், “மார்ச் மாத விற்பனை மட்டும், ஊர்வாரியாக, நாளை மதியம் மூன்று மணிக்குள், சரிதானே சார்?” என்று கேட்டுவிட்டு நகர வேண்டும். முதல் சில மாதங்களில் வாங்கும் திட்டுகளில் பாதி, வேலை தெரியாமல் வாங்குவது அல்ல. கேட்ட வேலை ஒன்று, செய்த வேலை வேறு என்பதால் வாங்குவது.

இதை வீட்டிலேயே பழக்கலாம். கடைக்கு அனுப்பும்போது சாமான் பட்டியலை வாயால் சொல்லி, திரும்பச் சொல்லச் சொல்லுங்கள்.

5. கேள்வி கேட்பது. நம் பக்கத்துப் பள்ளிகளில் கேள்வி கேட்ட பிள்ளை அதிகப்பிரசங்கி என்று பெயர் வாங்கியிருக்கும். வீட்டிலும் “பெரியவங்க பேசுறப்ப குறுக்கே பேசாதே” என்றுதான் சொல்லி வளர்த்திருப்போம். அந்தப் பிள்ளை அலுவலகத்தில் புரியாமலே தலையாட்டும். பிறகு மூன்று நாள் தனியாகத் திண்டாடும். இதற்குப் பிள்ளையைக் குறை சொல்லக் கூடாது. நாம் வளர்த்த விதம் அப்படி.

மாற்ற ஒரு வழி உண்டு. மாட்டிக்கொண்ட இடத்தில் அரை மணி நேரம் தானாக முயலட்டும். அதற்கும் மேல் ஆனால் எழுந்து போய்க் கேட்கட்டும். கேட்கும்போது மூன்று விஷயம் இருக்க வேண்டும்: இதுவரை என்ன செய்து பார்த்தேன், எங்கே நிற்கிறது, அடுத்து இப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறேன். இப்படிக் கேட்கிறவரை யாரும் சோம்பேறி என்று நினைக்க மாட்டார்கள். ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்பதுதான் பெயரைக் கெடுக்கும். அதற்கு மருந்து அடுத்த குறிப்பு.

6. நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிப் பையில் போடுங்கள். தேதி, யார் சொன்னது, என்ன சொன்னது, எப்போதைக்குள் என்று நான்கு விவரம் போதும். நோட்டின் பின்பக்கத்திலிருந்து திருப்பி, கற்றுக்கொண்ட வழிமுறைகளை எழுதிவரட்டும். போனில் குறித்துக்கொண்டால் என்ன என்று பிள்ளை கேட்கும். மேலாளர் பேசும்போது போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், குறிப்பு எடுப்பதாக எதிரில் இருப்பவருக்குத் தெரியாது.

7. தாமதம் ஆகப்போகிறது என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை தர வேண்டியது தவறும் என்று புதன்கிழமையே தெரிந்தால், புதன்கிழமையே சொல்லிவிட வேண்டும். அன்று சொன்னால் வேறு ஆளைப் போட்டுச் சமாளிப்பார்கள். வெள்ளி மாலை சொன்னால் அது பொய்க்குச் சமமாகப் படும்.

8. ஞாயிற்றுக்கிழமை போன். எனக்கு மிக முக்கியமாகப் படும் குறிப்பு இது. அந்தப் போனில் எதைக் கேட்பது என்பதற்கு ஒரு முன்கதை உண்டு.

அமெரிக்காவில் திமோத்தி கால்வே என்றொரு டென்னிஸ் பயிற்சியாளர். 1974-இல் அவர் எழுதிய புத்தகம் விளையாட்டுக்கு வெளியேயும் பரவிற்று. ‘மட்டையை இப்படிப் பிடி, முழங்கையை அப்படித் திருப்பு’ என்று கட்டளைகளை அடுக்குவதைவிட, பந்தைக் கவனிக்க வைத்தாலே ஆட்டம் மேம்படுகிறது என்று அவர் கண்டார். பந்து தரையில் படும்போதும் மட்டையில் படும்போதும் வாய்விட்டுச் சொல்லச் சொல்வார், அவ்வளவுதான். அவர் வழியில் வந்தவர் இங்கிலாந்தின் ஜான் விட்மோர். முன்னாள் கார் பந்தய வீரர். 1992-இல் வெளிவந்த அவருடைய புத்தகம் மூலமாக, பயிற்சி என்பது நல்ல கேள்வி கேட்பதுதான் என்ற எண்ணம் உலகெங்கும் அலுவலகங்களில் வேரூன்றியது. அவர் சொன்ன கேள்விகளின் வரிசையை நம் வீட்டுத் தமிழில் இப்படிக் கேட்கலாம்:

“இந்த மாசத்துக்குள்ள எதைச் சரியா செய்யணும்னு நினைக்கிறே?”
“இப்ப அது எப்படி இருக்கு?”
“என்னென்ன வழி இருக்கு? யாரைக் கேக்கலாம்?”
“இதுல எதைச் செய்யப்போறே? எப்ப?”

நான்கே கேள்வி. கேட்பவருக்கு அந்த வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும் பாதகமில்லை, ஒருவகையில் தெரியாமல் இருப்பதே நல்லது. தெரிந்த சித்தப்பா நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்லிவிடுவார். தெரியாத அம்மா பதிலைக் கேட்பார். அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கும்போதே பிள்ளைக்குத் தன் சிக்கல் எங்கே என்று பிடிபடும். அடுத்த ஞாயிறு, “போன வாரம் மேடத்தைக் கேக்கிறேன்னியே, கேட்டியா?” என்று மட்டும் நினைவுபடுத்துங்கள். திட்ட வேண்டாம். யாரோ ஒருவர் கேட்பார் என்ற நினைப்பே போதும்.

9. அதே போனில் தவிர்க்க வேண்டியவை: “நம்ம தெருப் பையன் அதுக்குள்ள வெளிநாடே போயிட்டான்.” “கஷ்டமா இருந்தா விட்டுட்டு வந்துடு.” “எல்லா இடத்துலயும் அப்படித்தான், பொறுத்துக்க.” முதலாவது காயம்தான் தரும். இரண்டாவதும் மூன்றாவதும் அன்பில் வருபவை, ஆனால் விவரம் கேட்காமல் சொல்லும் தீர்ப்புகள். “என்னப்பா நடந்துச்சு, முதல்லேருந்து சொல்லு” என்பதில் தொடங்குங்கள்.

10. வேலையைக் குறை சொல்வது வேறு, ஆளை இழிவுபடுத்துவது வேறு. “இந்த அறிக்கையில் மூன்று பிழை” என்றால் பிழையைத் திருத்திக்கொண்டு போக வேண்டும், அதற்காக இரவெல்லாம் அழத் தேவையில்லை. சாதி, நிறம், ஊர்ப் பேச்சு, உடம்பு இவற்றை வைத்து யாராவது பேசினால் அது பயிற்சி அல்ல. தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர் என எல்லாவற்றையும் அன்றே எழுதிவைத்து, மேலே புகார் செய்ய வீடு துணை நிற்க வேண்டும்.

பெண் பிள்ளைக்குப் புறப்படும் முன்பே தெரிந்திருக்க வேண்டியது: பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஒவ்வொரு இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய இடம் என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். “வெளியே சொன்னா நமக்குத்தான் அசிங்கம்” என்ற பேச்சு நம் வீட்டிலிருந்து ஒருபோதும் வரக் கூடாது.

11. மாதம் ஒருமுறை மேலாளரிடம் ஒரே ஒரு கேள்வி: “அடுத்த மாதம் நான் எந்த ஒன்றை மாற்றிச் செய்தால் உங்களுக்கு உதவியாக இருக்கும்?” ‘நான் எப்படிச் செய்கிறேன்?’ என்று கேட்டால், ‘நல்லாத்தான் போகுது’ என்பதோடு முடிந்துவிடும். ஒன்றை மட்டும் கேட்டால் யோசித்துச் சொல்வார்கள். சொன்னதும் மறுத்துப் பேசாமல், நன்றி சொல்லி நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்த மாதம் அதைச் செய்துவிட்டு, செய்ததையும் சொல்ல வேண்டும்.

12. ஆங்கிலம். தமிழ் வழியில் படித்துச் சிதம்பரத்திலோ கடலூரிலோ பட்டம் வாங்கிய பிள்ளையின் பெரிய பயம் இதுதான். அடுக்குமொழி தேவையில்லை. அலுவலகத்தில் திரும்பத் திரும்ப வருவது முப்பது நாற்பது வாக்கியங்கள். சக ஊழியர் அனுப்பும் நல்ல மின்னஞ்சல்களைச் சேர்த்துவைத்து, தினம் பத்து நிமிடம் வாய்விட்டுப் படிக்கட்டும். வாய் பழகினால் பயம் தெளியும். உடனே பதில் தெரியாத இடத்தில், “பார்த்துவிட்டு மாலைக்குள் சொல்கிறேன்” என்பதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரிந்தாலே பாதி நாள் தப்பிக்கலாம். சொன்னபடி மாலைக்குள் சொல்லவும் வேண்டும்.

13. மேலதிகாரியைப் பெயர் சொல்லி அழைப்பது. ஐ.டி. நிறுவனங்களில் அதுதான் வழக்கம், நம் பிள்ளைக்கு நாக்கு எழாது. தொழிற்சாலையிலும் வங்கியிலும் சார், மேடம்தான். மற்றவர்கள் எப்படி அழைக்கிறார்களோ அப்படியே அழைக்கலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் பிள்ளைக்குத் தயக்கம் தீரும்.

14. சாப்பாடு. காலையில் வெறும் வயிற்றோடு ஓடும் பிள்ளைக்குப் பதினொரு மணிக்கு மூளை வேலை செய்யாது. பருப்புப் பொடி, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல் மூன்றும் ஃப்ரிட்ஜ் இல்லாத அறையிலும் தாங்கும். புளிக்காய்ச்சலை நல்லெண்ணெய் பிரிந்து மேலே நிற்கும் வரை கொதிக்கவைத்து, நன்றாக ஆறிய பிறகு ஈரமில்லாத பாட்டிலில் அடைக்க வேண்டும். ஈரக் கரண்டி பட்டால் பூஞ்சை பிடிக்கும். சிதம்பரம் கத்தரிக்காய் கொத்சு எவ்வளவு பிடித்ததாக இருந்தாலும் பொட்டலத்தில் வேண்டாம், போய்ச் சேரும் முன் ஊசிவிடும். பிள்ளை வீட்டுக்கு வரும்போது செய்து போடுங்கள்.

15. தங்கும் இடம் அலுவலகத்துக்குக் கிட்டே இருக்கட்டும். வாடகையில் ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று ஒன்றரை மணி நேரப் பயணத்தில் தங்கினால், தூக்கமும் உடம்பும் போகும். பெண்களுக்குத் தமிழக அரசின் ‘தோழி’ விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரி, ஓசூர் உள்ளிட்ட பல ஊர்களில் இருக்கின்றன. இடம் இருக்கிறதா என்று சேரும் தேதிக்கு முன்பே பாருங்கள்.

16. விடுப்பு. முதல் மூன்று மாதம் அல்லது ஆறு மாதம் தகுதிகாண் பருவம். அந்த நேரத்தில் காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று ஒவ்வொன்றுக்கும் கூப்பிடாதீர்கள். மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்குக் கடலூர் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம், ஓசூர்த் தொழிற்சாலைக்கு அது பொருந்தாது. எந்தெந்த நாட்களில் பிள்ளை கட்டாயம் வேண்டும் என்று வீட்டார் ஆண்டின் தொடக்கத்திலேயே பேசி ஒரு பட்டியல் கொடுத்துவிட்டால், பிள்ளையும் அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவைக்கும். காட்டுமன்னார்கோயிலில் ரயில் கிடையாது, சுமார் 25 கிலோமீட்டர் தள்ளிச் சிதம்பரம் போய்த்தான் ஏற வேண்டும். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. தீபாவளி, பொங்கலிலிருந்து 60 நாள் பின்னோக்கி எண்ணி நாட்காட்டியில் வட்டம் போடுங்கள். திரும்பும் டிக்கெட்டையும் அதேபோல் எண்ணிப் போட்டுவிட வேண்டும். பண்டிகை முடிந்த திங்கட்கிழமை காலை மேசையில் இருப்பவரின் பெயர் தானாகவே மேலே போகும்.

17. பணம். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுக்கட்டும், அதைத் தடுக்க வேண்டாம். இரண்டாம் மாதத்திலிருந்து வீட்டுக்கு இவ்வளவு, வாடகை சாப்பாட்டுக்கு இவ்வளவு, சேமிப்புக்கு இவ்வளவு என்று பேசி முடிவெடுங்கள். கல்விக் கடனுக்குப் படிப்பு முடிந்து ஓராண்டு வரை பெரும்பாலும் தவணை தொடங்காது, வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். முடிந்தால் அந்த வட்டியை மாதாமாதம் கட்டிவிடலாம். செயலியில் உடனடிக் கடன் வேண்டவே வேண்டாம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, இடமும் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வந்தால் மருத்துவ வசதி உண்டு. அதில் பெற்றோரைச் சேர்க்க முடியுமா என்று அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

18. நெய்வேலி என்.எல்.சி.யில் ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சி கிடைத்திருக்கிறதா? 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் உதவித்தொகை உண்டு. முடித்ததும் அங்கேயே நிரந்தர வேலை என்று அந்தச் சட்டம் உறுதி தரவில்லை. ஆகவே முதல் நாளிலிருந்தே அதை முழு வேலையாக எண்ணி, எந்த இயந்திரம், எந்தப் பிரிவு, என்ன கற்றேன் என்று எழுதிவர வேண்டும். அடுத்த நேர்முகத் தேர்வில் பேசப்போவது அந்த நோட்டுதான்.

19. வெளிநாட்டில் முதல் வேலை. லால்பேட்டைப் பக்கம் இதற்கு நெடுநாள் பழக்கம் உண்டு, விவரம் தெரிந்த பெரியவர்களும் உண்டு. அவர்களைக் கேளுங்கள். சுற்றுலா விசாவில் வேலைக்கு அழைத்தால் போகக் கூடாது. ‘டேட்டா என்ட்ரி’ என்று சொல்லிக் கம்போடியாவுக்கும் மியான்மருக்கும் அழைத்துப்போய் இணைய மோசடியில் அடைத்துவைக்கப்பட்ட இளைஞர்களில் தமிழ்நாட்டுப் பட்டதாரிகளும் இருந்தார்கள். முகவர் பதிவு பெற்றவர்தானா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரிக்கலாம்.

20. செய்த வேலைப் பட்டியல். மாதக் கடைசியில் அரை மணி நேரம் ஒதுக்கி, அந்த மாதம் முடித்ததை ஐந்து வரியில் எழுதட்டும். எத்தனை, எவ்வளவு, எத்தனை நாளில் என்று எண்ணோடு எழுத வேண்டும். பல நிறுவனங்களில் ஆண்டு மதிப்பீடு மார்ச், ஏப்ரலில் நடக்கும். ஜூனில் ராப்பகலாகச் செய்த வேலை அப்போது மேலாளருக்கு நினைவிருக்காது. பிள்ளைக்கே நினைவிருக்காது. கிராமத்துப் பிள்ளைகள் தாங்கள் செய்ததைச் சொல்லிக்கொள்ளக் கூசுவார்கள், அது தற்பெருமை என்று நினைப்பார்கள். தாளில் இருந்தால் வாயால் பெருமை பேச வேண்டியதில்லை. எடுத்து நீட்டினால் போதும்.

21. வேலையை விடுவது என்று முடிவானால், சொல்லாமல் ஊருக்கு வந்துவிடக் கூடாது. நியமனக் கடிதத்தில் உள்ள அறிவிப்புக் காலம் வரை இருந்து, கையில் உள்ள வேலையை எழுதி ஒப்படைத்து, பணி விடுவிப்புக் கடிதமும் அனுபவச் சான்றும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும். வருங்கால வைப்பு நிதிக்கான யு.ஏ.என். எண் ஆயுளுக்கும் ஒன்றே. அடுத்த இடத்தில் புது எண் தொடங்காமல் பழைய எண்ணையே கொடுத்தால் பணமும் பணிக்காலமும் தொடரும். இந்தக் காகிதங்களும் பீரோவில் அந்த அசல் சான்றிதழ்களோடு சேரட்டும், ஒரு நகல் பிள்ளையின் போனிலும் இருக்கட்டும்.